கான் அகாடமியில் கணக்கு: வீடியோ பரவாயில்லை, பயிற்சி அருமை, ஹின்ட்டில் கவனம் தேவை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பணம் வாங்காமல் கிடைக்கிற கணிதப் பயிற்சிகளில் கான் அகாடமி என்ற இணையதளத்தை விட நல்லதை நான் பார்த்ததில்லை. ஆனால் பிள்ளையின் கையில் டேப்லெட்டைக் கொடுத்து "கொஞ்ச நேரம் கணக்கு போடு" என்று சொல்லிவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போகும் பெற்றோருக்கு இதிலிருந்து கிடைக்கும் பலன் மிகக் குறைவு. ஏன் குறைவு, எதை மாற்றினால் கூடும் என்பதுதான் இந்த மதிப்பீட்டில் பெரும்பகுதி.

நான் வீட்டில் மாலை நேரத்தில் ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை கணக்கு டியூஷன் எடுக்கிறேன். ஒரு லேப்டாப், சில பிள்ளைகளிடம் அம்மாவின் போன், அவ்வளவுதான் வசதி. ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளைகள், அதனால் நாங்கள் பயன்படுத்துவது ஆங்கிலப் பாடங்களை. எனக்கென்று அந்தத் தளத்தில் ஆசிரியர் அக்கவுன்ட் ஒன்று வைத்து, பிள்ளைகளை அதில் சேர்த்து, யாருக்கு எந்தப் பயிற்சி என்று ஒதுக்கிக் கொடுப்பேன். யார் எந்தப் பயிற்சியில் தடுமாறினார்கள் என்பது எனக்குத் தெரியும். விளம்பரம் கிடையாது, "சலுகை இன்றோடு முடிகிறது" என்று யாரும் போன் செய்து தொல்லை பண்ணுவதும் கிடையாது. லாப நோக்கமில்லாத அமைப்பு என்பதால் வந்த நிம்மதி இது.

பின்னணி தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: சல்மான் கான் 2004-இல் அமெரிக்காவில் வேறு ஊரில் இருந்த தன் உறவுக்காரப் பெண்ணுக்குப் போன் வழியாகவும் இணையம் வழியாகவும் கணக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். சொந்தக்காரப் பிள்ளைகள் ஒவ்வொருவராகச் சேர, 2006-இல் யூடியூபில் வீடியோ போட்டார், 2008-இல் அமைப்பாகப் பதிவு செய்தார். கறுப்புத் திரை, வண்ண எழுத்து, முகம் காட்டாத குரல், இந்தப் பாணி அப்போதிலிருந்து பெரிதாக மாறவில்லை.

வீடியோக்கள் தெளிவாகவே இருக்கின்றன. அந்தத் தெளிவில்தான் எனக்கு ஒரு சங்கடம். பிள்ளை வீடியோ பார்த்து முடித்ததும் "புரிஞ்சிருச்சு மிஸ்" என்கிறது, முகமும் மலர்ந்திருக்கிறது, உடனே ஒரு கணக்கைக் கொடுத்தால் பேனா முதல் வரியிலேயே நிற்கிறது. டெரெக் முல்லர் சிட்னி பல்கலைக்கழகத்தில் 2008-இல் முடித்த முனைவர் பட்ட ஆய்வில் இதைத்தான் இயற்பியல் வீடியோக்களை வைத்துச் சோதித்தார். நேராகச் சரியான விளக்கத்தை மட்டும் சொன்ன வீடியோவை மாணவர்கள் "தெளிவாக இருந்தது" என்றார்கள், ஆனால் தேர்வு வைத்தபோது பெரிய முன்னேற்றம் இல்லை. மாணவர்களிடம் வழக்கமாக இருக்கும் தவறான எண்ணத்தை முதலில் பேச வைத்து, பிறகு அதைத் திருத்திய வீடியோவை அவர்கள் "குழப்பமாக இருந்தது" என்றார்கள், மதிப்பெண் மட்டும் நன்றாகக் கூடியது. ஏற்கெனவே மனதில் ஒரு தப்பான விதி இருக்கும்போது சரியான விளக்கம் காதில் விழுந்தால், பிள்ளை தன் விதியையே இன்னொரு தடவை கேட்டதாக நினைத்துக்கொள்கிறது.

கான் அகாடமி வீடியோக்களில் இந்த "தப்பை முதலில் பேசுவது" அங்கங்கே இருக்கிறது, எல்லாவற்றிலும் இல்லை. அதனால் நான் வீடியோவை முதலில் போடுவதில்லை. கணக்கை முதலில் கொடுப்பேன், பிள்ளை தன் வழியில் போட்டுப் பார்க்கட்டும், முட்டிக்கொண்ட பிறகு அந்த முட்டிய இடத்துக்கான வீடியோ. பத்து நிமிட வீடியோவில் மூன்று நிமிடம்தான் தேவைப்படும். சிங்கப்பூரில் மனு கபூர் செய்த ஆய்வுகள் இதே வரிசையைத்தான் ஆதரிக்கின்றன. விளக்கத்துக்கு முன்னால் பிள்ளைகளைக் கடினமான கணக்கோடு போராட விட்டால், அப்போது விடை வராவிட்டாலும், பின்னால் சொல்லும் பாடம் ஆழமாகப் பதிகிறது என்று அவர் தொடர்ந்து காட்டியிருக்கிறார். கான் அகாடமி தானாக இந்த வரிசையைத் தராது, அங்கே வீடியோ மேலே, பயிற்சி கீழே. வரிசையை மாற்றுவது நம் கையில்தான் இருக்கிறது.

பயிற்சிப் பகுதிதான் உண்மையான சரக்கு. ஒரு தொகுப்பில் பெரும்பாலும் 4 கேள்விகள், சில இடங்களில் 7. விடையை எழுதினால் உடனே சரியா தப்பா என்று தெரிந்துவிடும். நோட்டுத் திருத்தி மறுநாள் கொடுக்கும்போது பிள்ளைக்கு அந்தக் கணக்கே மறந்திருக்கும், இங்கே சூடு ஆறுவதற்குள் பதில் கிடைக்கிறது. தப்பாகப் போட்டால் மறுபடி முயலலாம், உதவியும் கேட்கலாம். உதவி என்றால் இரண்டு வகை: சம்பந்தப்பட்ட வீடியோ, அல்லது ஹின்ட். ஹின்ட்டை அழுத்த அழுத்த அந்தக் கணக்கின் அடுத்தடுத்த ஸ்டெப் திறக்கும், கடைசி ஸ்டெப்பில் விடையே இருக்கும்.

இந்த ஹின்ட் பொத்தானைச் சுற்றி என்ன நடக்கிறது என்பதைப் பெற்றோர் ஒரு நாள் பின்னால் நின்று பார்க்க வேண்டும். ஹின்ட்டைத் தொட்டால் அந்தக் கேள்வி தப்பாகவே கணக்கிடப்படும். அதனால் மதிப்பெண் மேல் ஆசை உள்ள பிள்ளை, தெரியாத இடத்தில்கூட ஹின்ட்டைத் தொடாது, பக்கத்தில் இருப்பவனைக் கேட்கும், இல்லையென்றால் குருட்டாம்போக்கில் ஒன்றைத் தட்டும். மனம் விட்டுப்போன பிள்ளை நேர் எதிர், ஒரு ஸ்டெப்பையும் படிக்காமல் டக் டக் என்று கடைசி வரை அழுத்தி, விடையை எடுத்துப் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடும். உதவி மிகத் தேவைப்படும் இரண்டு பேருக்கும் உதவி போய்ச் சேரவில்லை.

இது கான் அகாடமிக்கு மட்டுமான நோய் கிடையாது. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் வின்சென்ட் அலெவனும் கென்னத் கோடிங்கரும் 2000 வாக்கிலேயே ஒரு வடிவியல் கணினிப் பயிற்சியை வைத்து இதைக் கவனித்து எழுதினார்கள். தேவைப்படும்போது மாணவர்கள் உதவி கேட்பதில்லை, கேட்டால் நடுவில் உள்ள விளக்கங்களைத் தாண்டி விடை இருக்கும் கடைசிக் குறிப்புக்கே ஓடுகிறார்கள். கால் நூற்றாண்டு கழிந்தும் பொத்தான் அதேதான், பிள்ளைகளும் அதேதான்.

பெரிய குறை என்று நான் நினைப்பது வேறு ஒன்று. ஒரு உதாரணத்தோடு சொல்கிறேன். 1/2 + 1/3 எவ்வளவு? ஆறாம் வகுப்புப் பிள்ளைகளில் நிறையப் பேர் 2/5 என்பார்கள். மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டிவிடுகிறார்கள். இப்போது ஹின்ட் என்ன சொல்லும்? பகுதிகள் (கீழே உள்ள எண்கள்) வேறாக இருக்கின்றன, எல்.சி.எம். கண்டுபிடி, 6 வரும், 3/6, 2/6, கூட்டினால் 5/6. எல்லாம் சரி. பிள்ளையும் தலையாட்டும், அடுத்த கணக்கில் எல்.சி.எம். எடுக்கும், விடையும் வரும், பச்சை டிக் விழும். இரண்டு வாரம் கழித்து மறுபடி 2/5 வந்து நிற்கும், ஏனென்றால் அந்த 2/5 ஏன் தப்பு என்று யாருமே அந்தப் பிள்ளையிடம் பேசவில்லை.

பேச வேண்டியது இதுதான்: "அரை வச்சிருக்க, அதோட இன்னும் கொஞ்சம் சேர்க்குற, 2/5 வந்துச்சுன்னு சொல்ற. 2/5 அரையைவிடப் பெருசா சின்னதா?" பிள்ளை யோசிக்கும், 5-இல் பாதி இரண்டரை, 2 அதைவிடக் குறைவு, அப்போ சின்னது. சேர்த்த பிறகு எப்படிக் குறையும்? அந்த இடத்தில் பிள்ளையின் முகத்தில் வரும் அதிர்ச்சி இருக்கிறதே, அதற்குப் பிறகு எல்.சி.எம். சொன்னால்தான் அது காதுக்குள் போகிறது. கான் அகாடமியின் ஹின்ட் பெரும்பாலும் கேள்விக்கு எழுதப்பட்டது, பிள்ளை செய்த தப்புக்கு எழுதப்பட்டது கிடையாது. 2/5 போட்ட பிள்ளைக்கும், எல்.சி.எம். எடுத்துக் கடைசியில் கூட்டலில் சறுக்கி 4/6 போட்ட பிள்ளைக்கும் ஒரே ஹின்ட். முதல் பிள்ளைக்கு அது போதாது, இரண்டாவது பிள்ளைக்கு அது தேவையே இல்லை, "கூட்டினதை ஒரு தடவை பாரு" என்றால் போதும்.

டேவிட் வுட், ஜெரோம் புரூனர், கெயில் ராஸ் மூவரும் 1976-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. 3 முதல் 5 வயது வரை 30 குழந்தைகள், மரக்கட்டைகளை இணைத்துப் பிரமிடு கட்டும் வேலை, பக்கத்தில் ஒரு ஆசிரியர். குழந்தை தடுமாறினால் ஆசிரியர் கொஞ்சம் கூடுதலாக இறங்கி வந்து உதவுவார், குழந்தையே செய்யத் தொடங்கினால் கையை எடுத்துக்கொள்வார். உதவி எவ்வளவு என்பதை அந்தக் குழந்தை அந்த நிமிடத்தில் செய்ததுதான் முடிவு செய்கிறது. கல்வியியல் படித்தவர்கள் எல்லோரும் மேற்கோள் காட்டும் ஆய்வு இது, ஆனால் ஒரு பொத்தானால் இதைச் செய்ய முடியாது. பக்கத்தில் ஒரு ஆள் இருந்தால் முடியும், கணக்கு பெரிதாகத் தெரியாத அம்மாவாக இருந்தாலும்கூட, "இது எப்படி வந்துச்சு, சொல்லு" என்று கேட்கத் தெரிந்தால் போதும்.

சரி, ஹின்ட்டே வேண்டாமா என்றால், அப்படியும் இல்லை. புதுப் பாடம் தொடங்கும்போது அதே ஹின்ட் எனக்கு மிகவும் உதவுகிறது, பயன்படுத்தும் விதம் மட்டும் வேறு. தொகுப்பின் முதல் கேள்வியை நாங்கள் "பலி கேள்வி" என்று வைத்துக்கொள்வோம், அதற்கு மதிப்பெண் போனால் போகட்டும். எல்லா ஸ்டெப்பையும் ஒவ்வொன்றாகத் திறந்து, ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் "இதை ஏன் செய்தான்?" என்று பிள்ளை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பிறகு திரையைத் திருப்பி வைத்துவிட்டு அதே கணக்கை நோட்டில் போட வேண்டும். இரண்டாவது கேள்வி ஹின்ட் இல்லாமல்.

முழுதாகச் செய்துகாட்டிய கணக்கைப் படிப்பது சோம்பேறித்தனம் என்று நம்மில் பலருக்கு ஒரு எண்ணம் இருக்கிறது, கைடு வைத்துப் படிக்கிற பிள்ளையைத் திட்டுவது அதனால்தான். ஜான் ஸ்வெல்லரும் கிரஹாம் கூப்பரும் 1985-இல் ஆஸ்திரேலிய மாணவர்களை வைத்து இயற்கணிதத்தில் சோதித்துக் காட்டியது வேறு மாதிரி. புதிதாகக் கற்கும்போது, செய்துகாட்டிய கணக்கு ஒன்று, அதே மாதிரி தானாகப் போட ஒன்று என்று மாற்றி மாற்றிக் கொடுத்தவர்கள், எல்லாவற்றையும் தானாகவே போட்டுப் பழகியவர்களைவிட அதே வகைக் கணக்குகளில் வேகமாகவும் தப்பு குறைவாகவும் செய்தார்கள். புதியவனுக்கு வழி தேடுவதிலேயே மூளையின் இடம் முழுக்க நிரம்பிவிடுகிறது, கற்றுக்கொள்ள இடம் மிஞ்சுவதில்லை என்பது ஸ்வெல்லர் தரும் காரணம். முன்னால் சொன்ன மனு கபூரின் முடிவோடு இது மோதுவது மாதிரித் தெரியும், ஆய்வாளர்களுக்குள்ளேயே இதில் வாக்குவாதம் உண்டு. என் அனுபவத்தில், ஒரு கருத்து ஏன் தேவை என்று உணர வைக்கப் போராட விடுவது உதவுகிறது, பின்னம் கூட்டுவது மாதிரி ஸ்டெப் ஸ்டெப்பாகப் போகும் வேலைக்குச் செய்துகாட்டுவது உதவுகிறது. ஒரே பாடத்தில் இரண்டும் வரும்.

வாய்விட்டுச் சொல்ல வைப்பதுதான் இதில் முக்கியம். மிஷெலின் சீயும் அவர் குழுவும் 1989-இல் இயற்பியல் எடுத்துக்காட்டுகளைப் படிக்கும் மாணவர்களைச் சத்தமாக யோசிக்கச் சொல்லிப் பதிவு செய்தார்கள். பின்னால் கணக்குகளை நன்றாகப் போட்டவர்கள், படிக்கும்போதே ஒவ்வொரு வரிக்கும் காரணத்தைத் தங்களுக்குத் தாங்களே விளக்கிக்கொண்டவர்கள். மற்றவர்கள் படித்துவிட்டு "புரிந்தது" என்று கடந்து போனவர்கள். டியூஷனில் இரண்டு வகையையும் தினமும் பார்க்கிறேன். நல்ல விஷயம் என்னவென்றால், இரண்டாவது வகைப் பிள்ளையையும் கேள்வி கேட்டே முதல் வகைக்கு இழுத்துவிட முடிகிறது. கான் அகாடமி அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை, விடைப்பெட்டியில் எண் சரியாக இருந்தால் போதும் அதற்கு.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பாடம் நன்றாகத் தெரிந்த பிள்ளைக்கு இந்த விளக்கமெல்லாம் பாரம். ஸ்லாவா கல்யுகாவும் ஸ்வெல்லரும் மற்றவர்களும் 2003-இல் தொகுத்து எழுதியது இதைப் பற்றித்தான், புதியவருக்கு உதவும் அதே விளக்கம் தேர்ந்தவருக்கு உதவாமல் போவதோடு, சில நேரம் இடைஞ்சலும் ஆகிறது. எட்டாம் வகுப்பில் என்னிடம் படிக்கும் ஒரு பையன் மனதிலேயே போட்டு விடை சொல்லிவிடுவான், அவனை வீடியோ பார்க்க வைப்பது நீந்தத் தெரிந்தவன் இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டிவிடுவது மாதிரி. இந்த விஷயத்தில் கான் அகாடமி நன்றாகவே செய்திருக்கிறது, அவன் நேரே யூனிட் டெஸ்ட்டுக்கு (ஒரு பாடத்தின் திறன்களைக் கலந்து கேட்கும் தேர்வு) போகலாம், எதையும் பார்த்துத்தான் ஆக வேண்டும் என்று கட்டாயம் கிடையாது. அவனுக்கு நான் கொடுப்பது யூனிட் டெஸ்ட் மட்டும், தப்பான கேள்விக்கு மட்டும் பேச்சு.

யூனிட் டெஸ்ட்டைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான். ஒவ்வொரு திறனுக்கும் நிலைகள் உண்டு. பயிற்சியில் 70 சதவீதம் எடுத்தால் "ஃபெமிலியர்", எல்லாம் சரி என்றால் "ப்ரொஃபிஷியன்ட்", அதற்கு மேல் உள்ள "மாஸ்டர்டு" நிலை கலப்புக் கேள்விகள் வரும் டெஸ்ட்டில்தான் கிடைக்கும். பெஞ்சமின் புளூம் 1968-இல் எழுதிய, ஒரு பாடம் கைவந்த பிறகே அடுத்த பாடம் என்ற முறையின் சாயல் இது. கலப்பாகக் கேட்பதில் ஒரு பெரிய நன்மை. டக் ரோரரும் கெல்லி டெய்லரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், கனஅளவு கணக்குகளை வகை வகையாகப் பிரித்துப் பழகியவர்கள் பழகும்போது 89 சதவீதம் சரியாகப் போட்டார்கள், ஒரு வாரம் கழித்துத் தேர்வில் 20 சதவீதம்தான். கலந்து பழகியவர்கள் பழகும்போது 60, ஒரு வாரம் கழித்து 63. கலந்து வரும்போது எந்த முறையைப் பயன்படுத்துவது என்று பிள்ளையே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது, தேர்விலும் அதுதானே கேட்கப்படுகிறது. அதனால் பிள்ளையின் அக்கவுன்ட்டில் வரிசையாக "ப்ரொஃபிஷியன்ட்" இருப்பதைப் பார்த்து நான் சந்தோஷப்படுவதில்லை, டெஸ்ட்டில் கீழே இறங்குகிறதா என்று காத்திருந்து பார்ப்பேன். இறங்கினால் பிள்ளை அழும், ஆனால் அங்கேதான் உண்மை தெரிகிறது.

கான்மிகோ என்ற செயற்கை நுண்ணறிவு உதவியாளர் 2023 மார்ச்சில் வந்தது. நேராக விடை சொல்லாமல் கேள்வி கேட்டு நகர்த்தும்படி அதை வடிவமைத்திருக்கிறார்கள், அந்த எண்ணம் சரியானது. அதை நான் பிள்ளைகளிடம் கொடுக்கவில்லை. ஆனால் பல வீடுகளில் பிள்ளைகள் இப்போது சாட்ஜிபிடியில் கணக்கைப் போட்டோ எடுத்துப் போட்டு விடை வாங்குகிறார்கள், அவர்களுடைய பெற்றோர் துருக்கியில் ஏறத்தாழ ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களை வைத்து ஹம்சா பஸ்தானியும் குழுவும் செய்த ஆய்வைத் தெரிந்துகொள்ள வேண்டும். சாட்ஜிபிடியின் பின்னணியில் இருந்த ஜிபிடி-4 கையில் இருந்தபோது பயிற்சிக் கணக்குகளில் மதிப்பெண் 48 சதவீதம் கூடியது. அதை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தபோது, அது கிடைக்காதவர்களைவிட 17 சதவீதம் குறைவு. விடை கொடுக்காமல் ஆசிரியர் தயாரித்த குறிப்புகளை மட்டும் தரும்படி மாற்றிய வடிவத்தில் பயிற்சி மதிப்பெண் 127 சதவீதம் கூடியது, தேர்விலும் அந்தச் சரிவு பெரும்பாலும் இல்லாமல் போனது. அதே இயந்திரம்தான், எதைக் கொடுக்கிறது எதை நிறுத்தி வைக்கிறது என்பதில் இவ்வளவு வித்தியாசம்.

மாநிலப் பாடத்திட்டப் பிள்ளைகளுக்கு ஒரு எச்சரிக்கை. இந்திய வகுப்புகளுக்கான பாடங்கள் பெரும்பாலும் என்.சி.இ.ஆர்.டி. வரிசையில் இருக்கும், நம் சமச்சீர் புத்தகத்தின் பாட வரிசையோடு ஒத்துப்போகாது. தலைப்பைத் தேடி எடுத்து ஒதுக்கிக் கொடுக்க வேண்டும், இதற்கு எனக்கு ஞாயிற்றுக்கிழமையில் கொஞ்ச நேரம் போகிறது. அப்புறம், விடை மட்டும் போட்டுப் பழகிய பிள்ளை பரீட்சைத் தாளில் ஸ்டெப் எழுதாமல் மதிப்பெண்ணை இழக்கும். என் வீட்டில் ரஃப் நோட்டு இல்லாமல் யாரும் லேப்டாப் பக்கம் வரக் கூடாது, நோட்டில் ஸ்டெப், பிறகுதான் பெட்டியில் விடை. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு இதை மட்டும் நம்பி இறங்க வேண்டாம். பத்தாம் வகுப்புக்குப் புத்தகமும் பழைய வினாத்தாள்களும்தான் முதலில்.

இதற்கு முன் ஒரு பெற்றோர் பெரிய தொகை கட்டி வாங்கிய ஒரு செயலியைக் கொண்டுவந்து காட்டினார், பெயர் வேண்டாம். அனிமேஷன் பிரமாதம், பாட்டு உண்டு, நட்சத்திரம் பறக்கிறது. ஒரு தடவை தப்பாகப் போட்டதும் முழு விடையும் தானாகவே திரையில் விரிந்துவிடுகிறது, பிள்ளை யோசிக்க இரண்டு விநாடி கூட இல்லை. அவருடைய மகள் அதில் எல்லாப் பாடத்தையும் "முடித்திருந்தாள்". 5 − (−3) கேட்டேன், 8 என்பதற்குப் பதில் 2 என்றாள். அவளைக் கான் அகாடமியில் ஆறாம் வகுப்பு முழுக்களிலிருந்து தொடங்க வைத்து, எண்கோட்டைத் தரையில் சாக்பீஸால் வரைந்து, நடந்து நடந்து காட்டி, மெதுவாகத்தான் கொண்டுவந்தேன். இப்போது அவள் தப்பாகப் போட்டால் ஹின்ட்டை அழுத்துவதற்கு முன் நோட்டைத்தான் பார்க்கிறாள்.

யாருக்கு வாங்கலாம் என்று கேட்டால், வாங்கவே வேண்டாம், இலவசம். ஆறிலிருந்து ஒன்பது வரை, ஆங்கிலம் ஓரளவு படிக்கத் தெரிந்த பிள்ளை, வாரத்தில் மூன்று நாளாவது பக்கத்தில் உட்கார்ந்து "ஏன்" என்று கேட்க ஒரு ஆள், ஒரு ரஃப் நோட்டு. இவை இருந்தால் தாராளமாகத் தொடங்குங்கள். ஆசிரியராகவோ டியூஷன் எடுப்பவராகவோ இருந்தால் முதல் வாரம் வகுப்புக்கு உரிய பாடத்தைக் கொடுக்காதீர்கள், இரண்டு வகுப்பு கீழே உள்ள பின்னம், முழுக்கள், சதவீதம் இவற்றின் யூனிட் டெஸ்ட்டை மட்டும் கொடுத்துப் பாருங்கள். எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பது அதில் தெரிந்துவிடும்.